யம் சா மேசையில் குழந்தைக்கும் ஒரு வேலை

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹாங்காங்கிலோ குவாங்சோவிலோ ஒரு பெரிய சீன உணவகத்துக்குப் போனால், வட்ட மேசைகளில் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். மேசை நடுவில் தேநீர்க் கெண்டி இருக்கும். அதைச் சுற்றி, ஆவி பறக்கும் சின்னச் சின்ன மூங்கில் கூடைகள். இந்தப் பழக்கத்துக்குப் பெயர் யம் சா, அதாவது ‘தேநீர் அருந்துவது’. கூடைகளில் வரும் பலகாரங்கள்தான் டிம் சம். தெற்குச் சீனாவின் கான்டனீஸ் மக்களிடம் வளர்ந்த இந்த வழக்கம், அவர்கள் குடியேறிய சிங்கப்பூர், ஈப்போ, கோலாலம்பூர் போன்ற ஊர்களிலும் வேர் பிடித்தது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் இது பழக்கமான காலை உணவு.

சீன உணவு மரபைச் சிறு பிள்ளைக்கு அறிமுகப்படுத்த இதைவிட நல்ல வாசல் இல்லை. எல்லாமே சிறிய அளவில், பகிர்ந்து உண்ணும்படி வருகிறது. பிடிக்காத ஒன்றை ஒரு கடியோடு விட்டுவிடலாம், அடுத்த கூடை வந்துகொண்டே இருக்கும். ஆனால் பெற்றோர் பலர் குழந்தைக்கு என்ன ஊட்டலாம் என்பதில் மட்டுமே கவனம் வைக்கிறார்கள். இந்த மேசையில் மரபு என்பது முக்கியமாக யார் யாருக்கு ஊற்றுகிறார்கள் என்பதில் இருக்கிறது. அதை மூன்று வயதுப் பிள்ளையும் கற்றுக்கொள்ளலாம், ஒரு சொட்டுத் தேநீர் குடிக்காமலேயே.

உட்கார்ந்ததும் நடப்பது

முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியது அல்ல, தேநீரைப் பற்றியது. என்ன இலை வேண்டும் என்று பணியாளர் கேட்பார். கறுத்த, மண்வாசனை உள்ள போ லேய் (மற்ற இடங்களில் பூ-எர்), ஊலோங் வகையான தியே குவான் யின், மல்லிகை, வெள்ளைத் தேயிலை வகையான சாவ் மேய், உலர்ந்த செவ்வந்திப் பூ ஆகியவை பெரும்பாலும் எல்லா இடத்திலும் கிடைக்கும். தேநீருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் உண்டு. குழந்தைக்கும் சேர்த்துப் போடுவார்களா என்பது கடைக்குக் கடை மாறும், உட்காரும்போதே கேட்டுவிடலாம். ஹாங்காங்கில் பல கடைகளில் இரண்டு கெண்டி வைப்பார்கள்: ஒன்றில் தேநீர், மற்றொன்றில் வெறும் வெந்நீர்.

அடுத்து, ஒரு பெரிய கிண்ணத்தில் கோப்பைகளையும் சாப்ஸ்டிக்குகளையும் வைத்து வெந்நீர் ஊற்றி அலசுவார்கள். கழுவித்தான் மேசைக்கு வருகிறது என்றாலும் தெற்குச் சீன மாகாணமான குவாங்டாங்கிலும் ஹாங்காங்கிலும் உள்ள மக்கள் இதை விடுவதில்லை. குழந்தைக்கு இது வேடிக்கையாக இருக்கும், கையை நீட்டும். இந்தச் சாப்பாட்டில் மிக ஆபத்தான நிமிடம் இதுதான். 60 டிகிரி நீரே சிறு பிள்ளையின் தோலைச் சில நொடிகளில் ஆழமாகச் சுட்டுவிடும், கெண்டியில் இருப்பதோ அதைவிடச் சூடு. ஆகவே அலசும் கிண்ணம் குழந்தைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மேசை நடுவில் சுழல்தட்டு இருந்தால் கெண்டியை அதன்மேல் வைக்கவே கூடாது, பிள்ளை ஒரு சுற்று சுற்றினால் கெண்டி நேரே அதன் முன்னால் வந்து நிற்கும். மேசைவிரிப்பின் தொங்கும் முனையை மடித்து மேலே போட்டுவிடுங்கள். மீறிச் சுட்டுவிட்டால், சுட்ட இடத்தின் மேல் இருக்கும் துணியை நீக்கி, குழாயின் குளிர்ந்த நீரை 20 நிமிடம் ஓடவிட வேண்டும். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

பலகாரங்களைக் கேட்பதற்கு இப்போது பெரும்பாலும் ஒரு சீட்டு. வேண்டியதற்கு நேரே குறி போட்டுக் கொடுத்தால் போதும். தள்ளுவண்டியில் கூடைகளை அடுக்கி மேசை மேசையாக வரும் பழைய முறை சில கடைகளில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அப்படி ஒரு கடை உங்கள் ஊரில் இருந்தால் குழந்தையை அங்கேயே அழைத்துப் போங்கள். படிக்கத் தெரியாத பிள்ளை, கண்ணால் பார்த்து விரலைக் காட்டிக் கேட்க முடிகிற உணவகம் வேறு எங்கே கிடைக்கும்?

ஊற்றுவதும் தட்டுவதும்

பெரியவர்கள் கோப்பையை முதலில் நிரப்ப வேண்டும், தன் கோப்பையைக் கடைசியில். இதுதான் தலையாய விதி. தனக்கு மட்டும் ஊற்றிக் குடிப்பவரைப் பார்த்தால் மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் கோப்பை காலியாவதைப் பார்த்து, அவர் கேட்குமுன் ஊற்றுவதுதான் அழகு.

கோப்பையை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. பத்தில் ஏழு பங்கு போதும். வழிய வழிய ஊற்றுவது விருந்தாளியை மதிக்காததாகக் கொள்ளப்படும். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது: இந்தக் கோப்பைகளுக்குப் பிடி கிடையாது, விளிம்பைத்தான் விரலால் பிடிக்க வேண்டும், முழுக்க நிரப்பினால் பிடிக்க இடமில்லாமல் விரல் சுடும். குழந்தையிடம் முதலில் இந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். மரியாதை என்பதைவிட ‘பாட்டி விரல் சுட்டுவிடும்’ என்பது அதற்குச் சட்டெனப் புரியும்.

கெண்டியை வைக்கும்போது அதன் மூக்கு யாரையும் நேராகப் பார்க்கக் கூடாது. வட்ட மேசையில் எந்தப் பக்கம் திருப்பினாலும் யாரோ ஒருவர் இருப்பார். இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பார்த்துத் திருப்பிவிட்டால் சரி.

யாராவது நமக்கு ஊற்றினால், ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்துக் கோப்பைக்குப் பக்கத்தில் மேசைமேல் இரண்டு மூன்று தடவை மெல்லத் தட்ட வேண்டும். அதுவே நன்றி. 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சிங் பேரரசர் சியென்லோங் மாறுவேடத்தில் ஊர் சுற்றியபோது தன் பணியாளுக்குத் தானே தேநீர் ஊற்றினாராம். எழுந்து விழுந்து வணங்கினால் வேடம் கலைந்துவிடுமே என்று அந்த ஆள் விரல்களை மடக்கி மேசையில் தட்டி வணங்கினாராம். இது கதைதான். ஆனால் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவிட்டால் பிறகு நினைவூட்ட வேண்டியதே இல்லை. இந்தத் தட்டலில் இன்னொரு வசதியும் உண்டு. வாயில் உணவு இருந்தாலும், பெரியவர்கள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாலும், பேச்சை முறிக்காமல் நன்றி சொல்லிவிடலாம். அதனால்தான் இன்னும் பேச்சு வராத பிள்ளைக்கும் இது பொருந்துகிறது. ஒன்றரை வயதிலேயே பார்த்துப் பார்த்துத் தட்டத் தொடங்கிவிடும். வாயால் சொல்ல வேண்டுமானால் ‘ம் கோய்’.

கெண்டி காலியானால் பணியாளரைக் கூவி அழைப்பதில்லை. மூடியைப் பாதி திறந்து சாய்த்து வைத்தால், பார்த்து வந்து வெந்நீர் நிரப்புவார். மூடி சூடாக இருக்கும், ஆவியும் அடிக்கும், ஆகவே ஆறேழு வயது வரை அந்த வேலை பெரியவருடையது. சின்னப் பிள்ளையைக் கண்காணிப்பாளராக வையுங்கள். யார் கோப்பை காலி என்று பார்த்துச் சொல்வது அதன் பொறுப்பு. இந்த வேலையைக் கொடுத்த பிறகு எத்தனை பிள்ளைகள் நாற்காலியில் நிலையாக உட்காருகிறார்கள் என்று பாருங்கள்!

கான்டனீஸ் வீடுகளில் சாப்பிடத் தொடங்குமுன் பிள்ளைகள் ஒவ்வொரு பெரியவரையும் உறவுமுறை சொல்லி அழைக்க வேண்டும். அப்பாவின் அப்பா யே யே, அப்பாவின் அம்மா மா மா. அம்மா வழியில் கோங் கோங், போ போ. ‘யே யே, யம் சா’, ‘மா மா, யம் சா’ என்று வரிசையாக அழைத்து, அவர்கள் எடுத்த பிறகுதான் தான் தொடும். சித்தப்பா, பெரியப்பா, மாமா என்று முறை வைத்து வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாக அதிகம் இல்லை.

வீட்டில் பயிற்சிக்கு 150 மில்லி அளவுள்ள சின்னப் பீங்கான் கெண்டி ஒன்று, 30 முதல் 40 மில்லி பிடிக்கும் கோப்பைகள் மூன்று, விளிம்புள்ள தட்டு ஒன்று போதும். கைபொறுக்கும் வெதுவெதுப்பான நீர், அதுவும் பாதிக் கெண்டி. முழுக் கெண்டி பிள்ளையின் மணிக்கட்டுக்குக் கனம். மூடி விழுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. வலது கையால் பிடியைப் பிடித்து, இடது கை விரலால் மூடியின் குமிழை அழுத்தப் பழக்குங்கள். மூக்கிலிருந்து ஒழுகினால் பிள்ளை தயங்கித் தயங்கிச் சாய்க்கிறது என்று பொருள். துணிந்து ஒரே சாய்ப்பாகச் சாய்த்து, முடிக்கும்போது மூக்கை வெடுக்கென மேலே தூக்கச் சொல்லுங்கள்.

குவாங்டாங்கின் கிழக்குப் பகுதியில் உள்ள சாவ்சோ மக்கள் ஊற்றும் முறை இங்கே நன்றாக உதவும். மூன்று கோப்பைகளையும் விளிம்போடு விளிம்பு ஒட்டி வைப்பார்கள். ஒன்றை நிரப்பி அடுத்ததற்குப் போகாமல், கெண்டியை வட்டமாகச் சுற்றிச் சுற்றி எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்கள். கடைசிச் சொட்டுகளையும் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒவ்வொன்றாகப் பங்கிடுவார்கள். கெண்டியின் அடியில் இருப்பது கடுப்பாக இருக்கும் என்பதால், இப்படிச் செய்தால்தான் எல்லோருக்கும் ஒரே சுவை கிடைக்கும். சாவ்சோவின் இந்தத் தேநீர் முறை, 2022இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சீனத் தேநீர் மரபுகளில் ஒன்று. மூன்று கோப்பையிலும் அளவு சமமாக இருக்கிறதா என்று பிள்ளை குனிந்து பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே இந்தப் பயிற்சியைச் செய்யலாம்.

பிள்ளையின் கோப்பையில் என்ன ஊற்றுவது

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன கணக்குப்படி, பிள்ளைகளுக்கு ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 மில்லிகிராம் கஃபீன் வரை பாதகமில்லை. 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 45 மில்லிகிராம். 200 மில்லி கறுப்புத் தேநீரிலேயே ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். போதாததற்கு, தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவிலிருந்து, குறிப்பாகத் தாவர உணவிலிருந்து, இரும்புச் சத்தை உடல் எடுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. யம் சாவில் உணவும் தேநீரும் ஒரே நேரத்தில் உள்ளே போவதால் இது நேரடியாகவே பொருந்தும். எனவே பள்ளி வயது வரை உண்மையான தேயிலை வேண்டாம் என்பதே எங்கள் தெளிவான கருத்து. அதற்குப் பிறகும், வெந்நீர் கலந்த இளம் தேநீர் இரண்டு சின்னக் கோப்பைக்கு மேல் தேவையில்லை.

அதற்குப் பதிலாகச் செவ்வந்தித் தேநீர் இருக்கிறது, கஃபீன் அறவே கிடையாது. 300 மில்லிக்கு உலர்ந்த சிறு பூக்கள் ஆறு முதல் எட்டு. முதலில் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிக் கொட்டிவிட்டு, மறுபடி கொதிநீர் ஊற்றி நான்கைந்து நிமிடம் மூடி வைத்தால் இளமஞ்சள் நிறமும் தேன்போன்ற மணமும் வரும். பத்து நிமிடம் விட்டால் கசக்கும், பிள்ளை ஒரு மிடறோடு நிறுத்திவிடும். வாங்கும்போது பளிச்சென்று வெளுத்து, முகர்ந்தால் புளிப்பாக மூக்கில் ஏறும் பூக்களைத் தவிருங்கள், அவை கந்தகப் புகை காட்டப்பட்டவையாக இருக்கலாம். மங்கிய மஞ்சள் கலந்த பூ நல்லது. இனிப்பு வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. சாமந்திக் குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு முதல் தடவை ஒரு கரண்டி மட்டும் கொடுத்துப் பாருங்கள்.

உணவகத்தில் ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கும். செவ்வந்தி என்று கேட்டால், கெண்டியில் செவ்வந்தியும் போ லேயும் கலந்தது வந்துவிடும். அங்கே பலர் விரும்பிக் கேட்கும் கலவை அது, பெயர் குக் போ. கோப்பையில் ஊற்றிப் பாருங்கள், நிறம் பழுப்பாக இருந்தால் தேயிலை கலந்திருக்கிறது. பெரியவர்கள் அதைக் குடிக்கட்டும், பிள்ளைக்கு இரண்டாவது கெண்டியின் வெந்நீரை ஆற வைத்துக் கொடுங்கள். ஊற்றலாம், தட்டலாம், எல்லா மரியாதையும் வெறும் நீருக்கும் செல்லும்.

எந்தக் கூடை முதலில்

பசியோடு வந்த பிள்ளைக்குக் கஞ்சியும் சியூங் ஃபன்னும் முதலில் கேளுங்கள். சியூங் ஃபன் என்பது அரிசிமாவை மெல்லிய துணிபோல ஆவியில் வேகவைத்துச் சுருட்டியது, வழுவழுப்பானது. மேலே ஊற்றும் சோயா சாறைத் தனியாகக் கொண்டுவரச் சொல்லி, விரற்கடை அகலத் துண்டுகளாக வெட்டிக் கொடுக்கலாம். நுரைத்து உப்பிய மஞ்சள் ஸ்பாஞ்சு கேக்கான மா லாய் கோவும் எளிது. பிறகு ஹார் காவ்: கோதுமை ஸ்டார்ச்சில் செய்த, உள்ளே இளஞ்சிவப்பு இறால் தெரியும் கண்ணாடித் தோல் கொழுக்கட்டை. இறால் மீள்தன்மையோடு இருப்பதால் நாலாக வெட்டுங்கள். இறால், முட்டை, கோதுமை, எள், நிலக்கடலை இவற்றை வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுப் பழகாத பிள்ளைக்கு, முதல் தடவை உணவகத்தில் வேண்டாம்.

நான்கு வயதுக்குள் முழுதாகக் கொடுக்கக் கூடாதவை மீன் உருண்டை, மாட்டிறைச்சி உருண்டை, ஒட்டரிசி மாவு உருண்டை. வழுக்கி மூச்சுக்குழாயை அடைக்கும். தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசியான லோ மாய் காயை நெல்லிக்காய் அளவுக்கு மேல் ஒரு வாய்க்குக் கொடுக்காதீர்கள். கோழிக்கால், பன்றி விலா இரண்டிலும் சின்னச் சின்ன எலும்புகள். உப்பு முட்டை மஞ்சள் கரு உருகி வழியும் லாவ் சா பாவ் என்ற பன்னைப் பிள்ளை கையில் அப்படியே கொடுத்தால் உதடு வெந்துவிடும். வெளிமாவு ஆறினாலும் உள்ளிருக்கும் குழம்பு கொதித்துக்கொண்டே இருக்கும். பிட்டு, தட்டில் வழியவிட்டு, பொறுத்துத்தான் கொடுக்க வேண்டும்.

பன்றியோ மாடோ உண்ணாத குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பார்த்தால் மரக்கறிபோல இருக்கும் லோ பாக் கோ, அதாவது முள்ளங்கிப் பலகாரத்தில், பன்றித் தொத்திறைச்சியும் உலர் இறாலும் பொடியாக வெட்டிப் போட்டிருப்பார்கள். அடுக்கடுக்காக உதிரும் பேஸ்ட்ரிகளில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் பழக்கம் உண்டு. மேல்பக்கம் திறந்த கொழுக்கட்டையான சியூ மாயில் பன்றியும் இறாலும் சேர்ந்தே இருக்கும். கேட்காமல் எதையும் சைவம் என்று முடிவு செய்யாதீர்கள். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர்கள் பலர் இறைச்சி தவிர்ப்பார்கள். அவர்களுக்கான தனிச் சைவ உணவகங்களில் காளானும் சோயாவும் கொண்டு இதே பலகாரங்கள் செய்கிறார்கள்.

சாப்ஸ்டிக்கைப் பற்றி இங்கே சுருக்கமாக. நான்கைந்து வயது வரை கரண்டி போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். தொடங்கும்போது 16 முதல் 18 சென்டிமீட்டர் நீளமுள்ள மரக்குச்சி வாங்குங்கள். வழுவழு பிளாஸ்டிக் வேண்டாம். கீழ்க்குச்சி பெருவிரல் இடுக்கிலும் மோதிரவிரல் மேலும் அசையாமல் கிடக்கும், மேல்குச்சி மட்டுமே அசையும். பிள்ளைகள் இரண்டையும் அசைக்கப் பார்ப்பதுதான் பொருள் நழுவக் காரணம். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவதை மட்டும் முதல் நாளே தடுத்துவிடுங்கள். இறந்தோருக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பது அப்படித்தான்.

வீட்டில் சேர்ந்து செய்ய: சியூ மாய்

ஹார் காவுக்குத் தோலை மடிப்பு மடிப்பாக மூட வேண்டும், பெரியவர்களுக்கே கைவர நாளாகும். சியூ மாய் மேல்பக்கம் திறந்தே இருக்கும். மூடத் தேவையில்லாததால் பிள்ளையோடு செய்ய இதுவே சரி.

பன்றி கீமா 250 கிராம். அது வேண்டாம் என்றால் கோழித் தொடைக் கீமா, நெஞ்சுக்கறி என்றால் உலர்ந்துபோகும். இறால் 100 கிராம், பட்டாணி அளவுத் துண்டுகளாக. ஊறவைத்த ஷீட்டாக்கே காளான் மூன்று, பொடியாக நறுக்கியது. சோயா சாறு ஒரு மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, சோளமாவு ஒரு மேசைக்கரண்டி, சீன எள்ளெண்ணெய் ஒரு தேக்கரண்டி, வெள்ளை மிளகுத்தூள் ஒரு சிட்டிகை. முதலில் கீமாவையும் உப்பையும் மட்டும் போட்டு, ஒரே திசையில் மூன்று நான்கு நிமிடம் அழுத்திக் கிளற வேண்டும். உப்பு இறைச்சியின் புரதத்தை வெளியே இழுத்துப் பசைபோல ஆக்கும். கரண்டியைத் தூக்கினால் கலவை ஒட்டிக்கொண்டு வர வேண்டும். இந்தப் படியைத் தாண்டிவிட்டால் வெந்த பிறகு உள்ளீடு உதிரும், தோலைவிட்டுப் பிரிந்து சுருங்கும். பிறகு மற்றவற்றைச் சேர்த்து அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

உள்ளீட்டைப் பொதியும் மெல்லிய மாவுத் தகடான வான்டன் தோல் பெருநகர சூப்பர் மார்க்கெட்டுகளில் உறைந்த பொட்டலமாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் 150 கிராம் மைதா, ஒரு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து, அரை மணி மூடி வைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 8 சென்டிமீட்டர் வாயுள்ள டம்ளரால் வெட்டுங்கள். வெட்டியவற்றை ஈரத்துணியால் மூடாவிட்டால் ஓரம் காய்ந்து வெடிக்கும்.

கைதேர்ந்தவர்கள் பெருவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி, அதன்மேல் தோலை விரித்து உள்ளீட்டை அழுத்துவார்கள். பிள்ளையின் கை வளையம் இதற்குச் சிறிது. ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரின் உள்ளே எண்ணெய் தடவிக் கொடுங்கள், தோலை உள்ளே இறக்கி, ஒரு கரண்டி உள்ளீட்டை (18 கிராம் அளவு) வைத்து அழுத்திவிட்டு வெளியே எடுக்கலாம். இடுப்பை நீங்கள் லேசாக நெருக்கிவிட்டால் வடிவம் வந்துவிடும். உச்சியில் பொடி கேரட் தூவுவது முழுக்கப் பிள்ளையின் வேலை. பச்சை இறைச்சி என்பதால் விரல் வாய்க்குப் போகாமல் பாருங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். இந்த அளவுக்கு 22 வரை வரும்.

இட்லிப் பானையே போதும். தட்டில் முட்டைக்கோஸ் இலையைப் பரப்பினால் ஒட்டாது. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். தோலின் ஓரத்தில் தண்ணீரைத் தொட்டுத் தடவிவிடுங்கள், இல்லையென்றால் ஓரங்களில் வெள்ளையாக மாவு திட்டு நிற்கும். மூடியில் துணி கட்டினால் நீர் சொட்டிக் குழையாது. பெரிய தீயில் 8 முதல் 9 நிமிடம். ஒன்றைப் பிளந்து, நடுவில் இளஞ்சிவப்பு போய்விட்டதா என்று பார்த்து இறக்குங்கள்.

ஒரு சியூ மாயில் ஏறக்குறைய கால் கிராம் உப்பு சேர்கிறது. ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2 கிராம் உப்பு என்பது பிரிட்டனின் பொதுச் சுகாதார வழிகாட்டல். எனவே இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொண்டு, தொட்டுக்கொள்ளச் சோயா சாறு வைக்காதீர்கள். மிச்சத்தை வேகவைக்காமலேயே தட்டில் இடைவெளி விட்டு ஃப்ரீசரில் உறையவைத்து, கல்லானதும் டப்பாவில் போடலாம். பனி இளகவிடாமல் நேரே ஆவியில் 12 நிமிடம். இளகவிட்டால் தோல் நனைந்து தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.